விரிசல் இருக்கிறது என்று

"இட்லியில உளுந்து இருக்கு," என்றார் உணவுக்கூடத்துச் சமையற்காரர். அவர் கழுத்தில் கட்டியிருந்த மொழிப்பட்டை அதை அவர் குரலிலேயே ஆங்கிலமாக்கியது. ஆனால் முன்னால் ஒரு வினைச்சொல்லைச் சேர்த்துக்கொண்டது: 'ஐ க்ளெய்ம்'. வரிசையில் தட்டோடு நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். உளுந்து இருப்பதாக மனிதர் சொல்லிக்கொள்கிறாராம். அரைத்தவருக்கே நம்பிக்கை இல்லை.

மன்னார் வளைகுடாவில் மிதக்கும் அந்த ஆய்வு மேடையில் காலைப்பொழுது இப்படித்தான் விடியும். பல தேசத்து ஆட்கள் வேலை செய்யும் இடம். அவரவர் தம் மொழியில் பேசுவார்கள், பட்டை எல்லாருக்கும் பொதுவான ஆங்கிலத்தில் சொல்லும். ஒருகாலத்தில் யாரோ, "மூச்சுத் தொட்டியில காத்து இருக்கு" என்று காதில் விழுந்ததைக் கண்ணால் கண்டதுபோலச் சொல்லிவிட, அதை நம்பிக் கடலுக்குள் போனவர்கள் திரும்பவில்லை. அன்றிலிருந்து மேடைக்கு ஒரு விதி. ஒன்று இருக்கிறது என்று யார் சொன்னாலும், அந்த வாக்கியத்தின் வாசலில் பட்டை ஒரு வினையை நிறுத்தும். கண்டதா, கேட்டதா, ஊகமா என்று பேசுபவரின் நாடியையும் மூச்சையும் படித்து அதுவே முடிவு செய்யும். இதற்கு 'வாயில்வினை' என்று பெயர். தமிழில் அதைக் கடைசியில் ஆற அமரச் சேர்க்கலாம், சேர்க்காமலும் நழுவலாம். பட்டையிடம் அந்த ஜம்பம் பலிக்காது. மனைவியிடம் "உன்மேல பிரியம் இருக்கு" என்று பட்டையோடு சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் மேடையில் நிறையப் பேர் உண்டு.

கலச் சோதகர் சுடலைமணிக்கு அன்று இட்லி இறங்கவில்லை. எதிர் மேசையில் மரியபுஷ்பம் பேசிக்கொண்டிருந்தாள். அவரிடம் தொழில் பழகி, அவரைத் தாண்டிப் போய், ஆளை ஏற்றிக்கொண்டு கடலடிக்கு இறங்கும் முக்குளி என்ற கலத்தைத் தானே வடிவமைத்தவள். இன்று அதில் தானே இறங்கப் போகிறவள். ஏறி வந்ததும் தலைமைப் பொறியாளர் நாற்காலி அவளுக்குத்தான் என்று மேடை முழுக்கப் பேச்சு. சுடலைமணி கண் வைத்திருந்த நாற்காலி அது.

அவள் எதைச் சொன்னாலும் அவள் பட்டை 'ஐ நோ' என்றது. அடியில் நீரோட்டம் இருக்கிறது, ஐ நோ. கலத்தில் தெம்பு இருக்கிறது, ஐ நோ. சுடலைமணியின் பட்டை அவருக்கு 'ஐ கெஸ்', 'ஐ ஹியர்' என்று சில்லறைதான் கொடுக்கும். அவளுடைய பதவியைவிட அவளுடைய அந்த வினையின்மேல்தான் அவருக்கு வயிற்றெரிச்சல். ஒரு மனுஷிக்கு இத்தனை நிச்சயம் எங்கிருந்து வரும்?

தட்டை ஒதுக்கிவிட்டு, கலத்தை நீரில் இறக்கும் முன் கடைசிச் சோதனைக்குப் போனார். ஒலிச்சோதனைக் கருவி, குறை ஒன்றுமில்லை என்றது. அவர் தம் வழக்கப்படி சன்னல் வளையத்தின் அடிப்பக்கம் விளக்கைச் சாய்த்துப் பிடித்து, நகத்தால் நெருடினார். நகம் தட்டியது. மறுபடி பார்த்தார். மயிரிழை போல ஒரு விரிசல்.

முதலில் அவருக்கு வந்தது பயம் அல்ல, சந்தோஷம். பாயாசம் குடித்ததுபோல உள்ளே இனித்தது. மாட்டினாயா என்றது மனம். அதை ருசித்துக்கொண்டே அவர் மேல்தளம் ஏறுவதற்குள், பாரந்தூக்கி கலத்தை நீரில் இறக்கிவிட்டது.

இயக்குநர் இங்க்ரிட், கலத்தின் ஏணியருகே எல்லாரையும் கூட்டி, கலம் இறங்கலாமா என்று ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் கேட்டுக்கொண்டிருந்தார். சுடலைமணி முன்னால் வந்தார்.

"கலத்துல விரிசல் இருக்கு."

பட்டை அவர் குரலில், எல்லார் காதிலும் விழச் சொன்னது: 'ஐ ஹோப்.'

கலத்தில் விரிசல் இருக்க வேண்டும் என்று அவர் ஆசைப்படுகிறாராம். யாரோ சிரித்து, சட்டென்று நிறுத்தினார்கள். சுடலைமணிக்குக் காது மடல் சுட்டது. இன்னும் உரக்கச் சொன்னார். மறுபடியும் 'ஐ ஹோப்.'

"சுடலைமணி, 'ஐ ஸீ'யோ 'ஐ நோ'வோ வந்தால்தான் நான் நிறுத்த முடியும்," என்றார் இங்க்ரிட். அவருடைய பட்டை அதை ஆங்கிலத்தில் சொன்னது. "இப்போது மேலே தூக்கினால் இறங்கத் தோதான நீரோட்டம் தவறிவிடும். கருவியும் குறையில்லை என்கிறது. உங்கள் ஆசைக்காக நிறுத்தச் சொல்கிறீர்களா?"

புஷ்பம் அவரைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை, ஒரு வருத்தம்தான். "நீங்களா அண்ணாச்சி இப்படி?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஏணியில் கால் வைத்தாள்.

சுடலைமணி நின்றார். சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி அவரை யாரும் குற்றம் சொல்ல முடியாது. சும்மா நின்றால் போதும். அந்த நினைப்பு வந்ததுமே அவருக்குத் தம்மேல் அருவருப்பாக இருந்தது. கண்ணால் கண்ட உண்மையைத் தம் பொறாமையே விழுங்கிக்கொண்டு நிற்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. கள்ளனையே காவலுக்கு வைத்த கதை.

"ஏம்மா, நில்லு," என்றார். "எனக்கு உம்மேல பொறாமை இருக்கு."

'ஐ நோ' என்றது பட்டை. அவர் எத்தனையோ நாள் ஏங்கிய வினை, இதற்குப் போய் வந்தது.

அவர் நிறுத்தவில்லை. "இந்த வேலய உனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். நீ மேல போகப் போக எனக்கு வயிறு எரிஞ்சுது. விரிசலப் பாத்ததும் சந்தோசப்பட்டேன். இப்பக்கூட, நீ போனாப் போறன்னு ஒரு நிமிசம் பேசாம நின்னேன் பாத்துக்க." பட்டை ஒரு சொல் விடாமல் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் ஒப்பித்தது. மனதில் ஒளித்ததெல்லாம் வெளியே போனபின், கண்ணால் கண்டது மட்டும் மிஞ்சியது.

"கலத்துல விரிசல் இருக்கு."

'ஐ ஸீ.'

இங்க்ரிட் கையைத் தூக்கினார். பாரந்தூக்கி கலத்தை வெளியே எடுத்தது. வளையத்தைக் கழற்றியபோது விரிசல் உள்வரை ஓடியிருந்தது. இறங்கியிருந்தால் ஆள் தேறியிருக்க மாட்டாள்.

வளையத்தை மாற்றி, அடுத்த நீரோட்டத்தில் புஷ்பம் இறங்கி ஏறினாள். நாற்காலி அவளுக்கே கிடைத்தது. நல்லதைச் செய்தால் பொறாமை போய்விடும் என்று யார் சொன்னார்களோ, சுடலைமணிக்குப் போகவில்லை. உணவுக்கூடத்தில் அவர் உட்கார்ந்த மேசையில் பேச்சு தணிந்தது. அவர் மனதில் என்ன கிடக்கிறது என்று இப்போது இட்லிக்காரருக்கும் தெரியும்.

ஒரு சாயங்காலம் அவர் தனியே கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது புஷ்பம் வந்து எதிரே நின்றாள். கழுத்துக்குப் பின்னால் கைவிட்டுப் பட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். மேடையில் யாரும் செய்யாத காரியம்.

"உங்ககிட்ட நல்ல மனசு இருக்கு அண்ணாச்சி," என்றாள்.

வாக்கியம் அப்படியே நின்றது. அதன் வாசலில் எதுவும் இல்லை. அவளுக்கு நிச்சயமாகத் தெரியுமா, ஊகமா, அல்லது அப்படி இருந்தால் நன்றாக இருக்கும் என்ற ஆசை மட்டும்தானா? அவருக்காகக் கழற்றினாளா, தனக்காகவா? பட்டையைப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை சொல் என்று கேட்க அவருக்கு நாக்கு வரை வந்தது. மேடைக்கு வந்த நாளிலிருந்து அவர் ஒருவர் சொல்லையும் நம்பவேண்டிய அவசியம் இருந்ததில்லை. அது எப்படிச் செய்வது என்றே மறந்து போயிருந்தது.

அவள் பதிலுக்குக் காத்திருந்தாள். அவர் துணியைக் கீழே வைத்துவிட்டு, "சரிம்மா," என்றார்.