சொரசொரப்புச் சாலை

வேலுத்தாய் கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்பாள். கோவில்பட்டி வெயிலில், கரிசல் காட்டின் மேல் கானல் அசையும். தூரத்தில் போகும் ரயில் தண்ணீரில் நீந்துவதுபோல அவளுக்குத் தெரியும்.

“ஏட்டி, பசை காயுது! கை எங்கன இருக்கு, கண்ணு எங்கன இருக்கு?” என்று அம்மா அதட்டினால்தான் ரயில் தரைக்கு வரும்.

அம்மா வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுபவள். கோடை விடுமுறையில் வேலுத்தாயும் பக்கத்தில் உட்கார்ந்து நாலு பெட்டி ஒட்டுவாள், நாற்பது கனவு காண்பாள்.

அடுத்த வீட்டு அல்லாபிச்சை மாமாவுக்குப் பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. தகர டப்பாவைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் கடலைமிட்டாய் விற்பார். அங்கேயே ஒரு சின்னக் கடை போட்டு உட்கார்ந்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. அனுமதி கேட்டு மனுவும் போட்டிருந்தார்.

அது 1981ஆம் வருடம். உலகமே ஊனமுற்றோர் ஆண்டு கொண்டாடியது. மனு போட்ட அலுவலகமும் கொண்டாடியது. எப்படி என்றால், வாசலில் பத்தடி உயரத்தில் ஒரு மஞ்சள் பலகை மாட்டி.

‘பார்வையற்றோர் இப்பலகையைப் பார்த்து ஒன்பதாம் அறைக்குச் செல்லவும்.’

அதற்குக் கீழே, இன்னும் பெரிய எழுத்தில்: ‘திறந்து வைத்தவர்: அதிகாரி திரு. பூவனநாதன்.’

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அல்லாபிச்சை மாமா முந்தின நாள் தபாலில் வந்த ஒரு கடிதத்தோடு வந்தார். வேலுத்தாய் படித்துக் காட்டினாள். நாளை காலை பத்து மணிக்குள் ஒன்பதாம் அறைக்கு நேரில் வர வேண்டும். தனியாக வர வேண்டும்; துணைக்கு யார் வந்தாலும் தரகர் என்று கருதப்படுவார். ஏற்கெனவே இரண்டு முறை அழைத்தும் வரவில்லை. இந்த முறையும் வராவிட்டால் மனு தள்ளுபடி.

“ரெண்டு தடவையும் போனீயளே மாமா?”

“போனேன். மொதல் தடவை ஒரு அறையில ரெண்டு மணி நேரம் பதவிசா உக்காந்திருந்தேன். பக்கத்துல ஒரு கன்னுக்குட்டி கத்துன பெறவுதான் அது மாட்டு டாக்டர் அறைன்னு தெரிஞ்சுது.”

“ரெண்டாவது தடவை?”

“உளுந்து விதைக்கு வரிசையில நின்னு கைநாட்டே வச்சுட்டேன். எனக்கு ஏது காடு!”

“யார்ட்டயாவது வழி கேக்கப்பிடாதா?”

“கேட்டேன். ‘அந்தா, அங்கன’ன்னு கையை நீட்டிக் காட்டுனாவ போல. காத்து வந்துச்சு. அறை வரலை.”

கதவுகளை எண்ணிக்கொண்டு போகவும் வழியில்லை. அந்தக் கட்டடத்தில் அறைகளுக்கு எண் போட்டது வரிசைப்படி அல்ல, பதவிப்படி. பூவனநாதன் நடுவில் இருந்தார். அதனால் நடு அறைதான் ஒன்று. அதற்குப் பக்கத்தில் ஏழு. ஏழுக்கு எதிரே பதினொன்று. ஒன்பதோ, தாழ்வாரம் திரும்பும் மூலையைத் தாண்டி, கக்கூஸுக்கு அடுத்து.

வேலுத்தாய் யோசித்தாள். ஓர் அட்டையில் தீக்குச்சிகளை ஒட்டி ‘ஒன்பது’ என்று எழுதி, மாமாவின் கையில் கொடுத்தாள்.

அவர் தடவிப் பார்த்துவிட்டு, “என்னட்டி இது, செத்த பூரானா?” என்றார்.

“எழுத்து மாமா!”

“பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவனுக்கு எல்லா எழுத்தும் பூரான்தான் தாயி.”

வேலுத்தாயின் முகம் வாடிவிட்டது. மாமா அதைப் பார்க்கவில்லை. பக்கத்தில் கிடந்த ஒரு தீப்பெட்டியை எடுத்துச் சும்மா கையில் உருட்டிக்கொண்டிருந்தார். எப்படி உருட்டினாலும் அவர் கட்டைவிரல் குச்சி உரசும் பக்கத்திலேயே வந்து நின்றது.

“அதை மட்டும் எப்படி மாமா கண்டுபிடிக்கீய?”

“இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு? அதுதான் சொரசொரன்னு என்னைக் கூப்பிடுதே!”

வேலுத்தாய் துள்ளி எழுந்தாள்.

அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும், நசுங்கி வீணாய்ப்போன தீப்பெட்டிகள் அடுப்பெரிக்க மூட்டையில் கிடக்கும். அவற்றின் சொரசொரப்பான பட்டைகளை மட்டும் அவள் வெட்டி எடுத்தாள். மத்தியானம் பட்டைப் பையும் பசை டப்பாவுமாக அலுவலகத்துக்குப் போனாள். விடுமுறை நாள். காவலாளி கொம்பையா மட்டும் நாற்காலியில் தூங்கி விழுந்துகொண்டிருந்தார்.

“சுவர்ல நோட்டீஸ் ஒட்டக் கூடாது. சட்டம்!” என்றார் அவர், பாதிக் கண்ணைத் திறந்து.

“இதுல ஒரு எழுத்துகூட இல்லையே அண்ணாச்சி. எப்படி நோட்டீஸாகும்?”

கொம்பையா பட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். எழுத்தில்லாத நோட்டீஸைப் பற்றிச் சட்டம் ஒன்றும் சொல்லியிருப்பதாக அவருக்கு ஞாபகமில்லை. மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

வாசல் தூணிலிருந்து, மாமாவின் இடுப்பு உயரத்தில், ஒன்றையடுத்து ஒன்றாகப் பட்டைகள் ஒட்டிக்கொண்டே போனாள். கதவுகள் வரும் இடத்தில் இந்தப் பக்க நிலைச்சட்டத்தில் ஒன்று, அந்தப் பக்க நிலைச்சட்டத்தில் ஒன்று. ஒட்டி முடித்ததும் கண்ணை இறுக மூடி, விரலை வைத்து நடந்து பார்த்தாள்.

சுவர் காணாமல் போனது. அவள் விரல் ஒரு குட்டி மாட்டுவண்டி. உழுத கரிசலில் அது கரகரவென்று போனது. இருட்டில் காடு விரிந்தது, காற்று வந்தது, வண்டி மெதுவாக மூலை திரும்பியது. எவ்வளவு தூரம் போனாள் என்றே தெரியவில்லை. கக்கூஸ் நாற்றம் வந்ததும் ஒன்பதாம் அறை நெருங்கிவிட்டது என்று புரிந்தது. அதன் கதவு நிலையில், ‘இறங்கும் இடம்’ என்பதற்காக ஒரு முழுத் தீப்பெட்டியை ஒட்டினாள்.

திங்கட்கிழமை. மணி பத்தாகப் பத்து நிமிடம். வேலுத்தாய் மாமாவிடம் வழியைச் சொல்லிக்கொடுத்துவிட்டு வாசல் வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றாள். உள்ளே கூட வரக் கூடாதே!

அல்லாபிச்சை மாமா தூணைத் தடவினார். விரல் பட்டையைப் பிடித்தது. நடந்தார். மாட்டு டாக்டர் அறையைத் தாண்டினார். உளுந்து வரிசையைத் தாண்டினார். மூலைக்குப் போய்ச் சேருமுன் சொரசொரப்பு திடீரென்று மழமழவென்று மாறியது. மெத்தென்றும் இருந்தது.

“அடடே, ரோடு மெத்தையாயிட்டே!” என்றார் மாமா.

அது பூவனநாதனின் வயிறு. சுவரில் சாய்ந்து, கையெழுத்துக்கு நிற்பவர்களுக்கு உபதேசம் செய்துகொண்டிருந்தார்.

“யாருய்யா நீர்?”

“ஒன்பதாம் நம்பருக்குப் போறவன். நீங்க ரோட்டுல நிக்கீய. கொஞ்சம் ஒதுங்கினா வண்டி போயிரும்.”

வரிசையில் நின்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். பூவனநாதன் ஒதுங்கினார். அப்போதுதான் சுவரைப் பார்த்தார்.

“யாரைக் கேட்டு இதை ஒட்டினீங்க? கொம்பையா! எல்லாத்தையும் சுரண்டு!”

கொம்பையா சுரண்ட ஆளையும் கரண்டியையும் தேடுவதற்குள் மாமா மூலை திரும்பிவிட்டார். தீப்பெட்டி விரலில் தட்டியது. உள்ளே நுழைந்தார். பத்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்க, குமாஸ்தா அவர் பெயருக்கு நேரே ‘ஆஜர்’ என்று எழுதினார்.

வேலுத்தாய் மரத்தை விட்டு ஓடி வந்தாள். “நான்தான் சார் ஒட்டினேன். சுரண்ட வேண்டாம் சார். இன்னும் எத்தனையோ பேர் வருவாவ.”

“அவ்வளவு பெரிய பலகை வச்சிருக்கேனே!”

“பலகை ரொம்ப நல்லா இருக்கு சார். ஆனா மாமா அதைத் தொட்டுப் பார்க்கணும்னா ஏணி வேணும்.”

பூவனநாதன் வாசலுக்கு வந்து பலகையை அண்ணாந்து பார்த்தார். சுவரைக் குனிந்து பார்த்தார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, கண்ணை மூடி, ஒரு விரலைப் பட்டையில் வைத்து நாலடி நடந்தார். கண்ணைத் திறந்தபோது அவர் முகம் வேறு ஊருக்குப் போய்விட்டு வந்ததுபோல இருந்தது.

“கொம்பையா, கரண்டியை வை. மழையில இது நனையாம இருக்க என்ன செய்யலாம்னு பாரு” என்றார்.

மழைக்கு முன்பே பட்டைகளுக்கு மேல் ஒரு தகர ஓரம் வந்தது. கூடவே பத்தடி உயரத்தில் இன்னொரு மஞ்சள் பலகையும் வந்தது: ‘சொரசொரப்புச் சாலை. திறந்து வைத்தவர்: அதிகாரி திரு. பூவனநாதன்.’

வேலுத்தாய் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி இதைச் சொன்னபோது, அல்லாபிச்சை மாமா தன் புதுக் கடையில் கண்ணாடி ஜாடிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

“அவிய எதை வேணும்னாலும் திறக்கட்டும் தாயி. இந்தக் கடையை நீ திற. ரிப்பன் கிடையாது, மிட்டாய் உண்டு!”

வேலுத்தாய் முதல் ஜாடியின் மூடியைத் திருகித் திறந்தாள்.