எண்ணாமல் விட்ட ஆடுகள்

இயேசு படத்துக்குப் பின்னால் செருகியிருந்த குருத்தோலைச் சிலுவையின் ஒரு கை காணாமல் போயிருந்தது. குருத்து ஞாயிறு முடிந்து பத்து நாள்தான் ஆகிறது. மிச்சமிருந்த நுனி ஈரமாக, மென்று இழுத்த நாராகத் தொங்கியது. விவேக் நகர் வீட்டின் இரண்டாம் மாடியில், மத்தியான வெயில் தரையில் கிடக்க, ஜோவிதாவுக்கு ஆட்டு மூத்திர வாடை அடித்தது.

எலியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு லேப்டாப் முன் உட்கார்ந்தாள். எங்கோ ஒரு தீவு. வேறெங்கும் முளைக்காத ஒரு வகைப் பனை அங்கே காடாக நிற்கிறது. மரங்களில் கட்டிய கேமராக்கள் எடுக்கும் படங்களைப் பார்த்து ஆடுகளை எண்ணுவது அவள் வேலை. எந்தக் காலத்திலோ கப்பலில் கொண்டுவந்து விட்ட ஆடுகள், முளைக்கும் கன்றையெல்லாம் மேய்ந்துவிட்டன. கிழட்டு மரங்கள் மட்டும் நின்றன. எண்ணிக்கை கூடினால்தான் ஆடுகளைப் பிடித்துப்போவார்கள்.

ஆனால் மேனேஜர் சுனில் ஒரு விதி போட்டிருந்தார்: முகம் தெரியாத ஆட்டை எண்ணக் கூடாது. மேய்கிற ஆடு தலையைத் தூக்கிக்கொண்டா மேயும்? என்ன மடத்தனம் இது. ஆறு மாதமாக வாயை மூடிக்கொண்டு ‘காலி’ என்று அழுத்திய தன் விரலை நினைத்தாலும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன் அடித்தது.

“கடைசிப் படம் என்னாச்சும்மா? அஞ்சு மணிக்கு ரிப்போர்ட் போகணும்.”

“சார், இதுல ஒரே ஒரு பனங்கன்னு மிச்சமிருக்கு. சுத்தி ஏழு ஆடு நிக்குது.”

“மூஞ்சி தெரியுதா?”

“தலை புதருக்குள்ள இருக்கு சார். கழுத்து வரைக்கும்தான் தெரியுது.”

“அப்போ காலின்னு போடு. சும்மா வாதம் பண்ணாதே. இஷ்டமில்லேன்னா நாளைலேர்ந்து லாகின் பண்ணாதே.”

அவரை அறையலாம் போலிருந்தது. அறையவில்லை. அழுத்தினாள்.

பின்னால் மெல்லும் சத்தம்.

நின்றது. மறுபடியும்.

திரும்பினாள். சிலுவை முழுவதும் போயிருந்தது. திரைச்சீலைக்குக் கீழே குளம்புகள். நான்கு. எட்டு. அதற்கு மேலும். துணி விலகியது. கழுத்து வரைக்கும் ஆடுகள். கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை. மெல்லும் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

நெற்றியில் ஈர மூச்சு பட்டது. பிறகு கன்னத்தில். வலிக்கவே இல்லை.

லேப்டாப் திரை அணைந்து கறுத்தது. அறை அதில் தெரிந்தது. நெருக்கியடித்து நிற்கும் ஆட்டுக் கழுத்துகள். நடுவே நாற்காலியில் அவளுடைய நீலச் சுடிதார், கழுத்து வரைக்கும்.