ஐந்து மணி வரை ஓட்டு

மதியம் இரண்டு நாற்பது. எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை. வாசலுக்கு வெளியே காவல்காரரின் தகரக் கொட்டகையில் ஜெஸ்லின் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தாள். உள்ளே மருத்துவ முகாம். நர்ஸான அம்மாவை ஸ்கூட்டரில் அழைத்துப் போக வந்தவளை மழை பிடித்துக்கொண்டது.

திரையில் ஒரு விவாதம். பல நாட்டு ஆட்கள் சம்பளமில்லாமல் சேர்ந்து எழுதும் ஒரு ஜாவா வெப் சர்வர். அதற்காக அவள் நான்கு மாதம் உழைத்து ஒரு திருத்தம் எழுதியிருந்தாள். நிறுத்தச் சொன்னால், கையிலிருக்கும் வேலையை முடித்துவிட்டு சர்வர் நிற்கும். யாருடைய ஆர்டரும் பாதியில் அறுந்து போகாது.

ஆறு பேர் ஆதரவு. ஒருவர் எதிர்ப்பு. அந்தக் கூட்டத்தில் ஓர் எதிர்ப்பு இருந்தாலே திருத்தம் விழுந்துவிடும். ஓட்டு ஐந்து மணிக்கு முடிகிறது.

எதிர்த்தவர் எஸ்.பி. முந்தின நாள் இரவு ஒரே வரி எழுதியிருந்தார். 'நிற்கச் சொன்னால் உடனே நிற்க வேண்டும்.' காலையிலிருந்து மூன்று முறை காரணம் கேட்டாள். பதில் இல்லை. அவர் எப்போதும் மாலை ஆறுக்கு மேல்தான் வாய் திறப்பார். அமெரிக்காவில் அப்போதுதான் விடிந்திருக்கும் என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள்.

விலகல் கடிதம் தயாராக இருந்தது.

"அண்ணாச்சி, என் போனக் கொடுங்க."

உள்ளிருந்து ஒருவன் நனைந்துகொண்டு வந்தான். வெறுங்கால். இமைகளில் மழை. அந்தக் கண்கள்… ஜெஸ்லின் திரைக்குத் திரும்பினாள். மறுபடி பார்த்தாள்.

காவல்காரர் ஒச்சப்பன் மரப்பெட்டியைத் திறந்தார். உள்ளே வரிசையாகப் போன்கள். "போர்மேன் தம்பிக்கு என்ன அவசரம்? சாயங்காலம்தான வாங்குவீக."

அவன் போனை வாங்கிக்கொண்டான். ஜெஸ்லினின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது… அந்த ஜாவா சர்வர் விவாதமா?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"கொஞ்சம்."

"அப்ப இந்த எஸ்.பி.யும் தெரிஞ்சிருக்குமே. திமிர் பிடிச்ச ஆளு."

"அம்புட்டுத் திமிரா?"

"ஒரு வரிக்கு மேல எழுதுனா கை தேஞ்சிரும் அவருக்கு. ரெண்டு வருசமா நான் எது எழுதுனாலும் ஒரு குத்தம். அஞ்சு மணிக்கு நான் விலகுறேன். அவரே வச்சு ஆளட்டும்."

"விலகுறீகளா?" அவன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

இடி இடித்தது. வேலையை நிறுத்தச் சொல்லும் ஆலை மணி அடித்தது. போனைப் பெட்டியில் போட்டுவிட்டு ஓடினான்.

அறைகளிலிருந்து பெண்கள் வந்தார்கள். கைகளில் வெள்ளிப் பொடி. வேலை போட்டது போட்டபடி கிடக்க, வேகமாக வாசல் பக்கத்து ஓய்வுக் கூடத்துக்கு நடந்தார்கள். ஒருத்தி மட்டும் அறைக்குத் திரும்பினாள். போர்மேன் குறுக்கே வந்தான்.

"கற்பகவல்லிக்கா, எங்க போறீக?"

"வெடிமருந்துத் தட்டை மூடல தம்பி. இந்தா, ஒரு நிமிசம்…"

"ஒரு நிமிசமும் கிடையாது. நிக்கச் சொன்னா உடனே நிக்கணும்." அவள் கையைப் பிடித்துக் கூடத்தில் கொண்டுபோய் விட்டான்.

ஜெஸ்லினின் விரல்கள் விசைப்பலகையில் நின்றன.

"அண்ணாச்சி… அவுக பேரு என்ன?"

"சிவபாண்டி."

எஸ்.பி.

மின்னல் எங்கோ தள்ளி இறங்கியது. மேகம் நகர்ந்தும் மழை விடவில்லை; ஆலை அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டது. மூன்று இருபதுக்கு அவன் வந்தபோது ஜெஸ்லின் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இந்தக் காரணத்த எழுதுனா என்ன, எஸ்.பி. சார்?"

"எழுதத்தான் அப்பவே வந்தேன். போன் காலைலயிருந்து பெட்டியில கிடக்கு. உள்ள கொண்டு போகக் கூடாது."

"அப்ப நீங்க அமெரிக்கா இல்லையா?"

"இந்தா, பக்கத்துல விஸ்வநத்தம்."

சிரிக்கக் கூடாது என்று நினைத்தாள். சிரித்துவிட்டாள். பிறகு கோபம் நினைவுக்கு வந்தது.

"சர்வர் ஒண்ணும் மருந்து ரூம் இல்ல. வெடிக்காது."

"வெடிக்காது. ஆனா முடியாத வேலை ஒண்ணு மாட்டிக்கிட்டா? உங்க புரோகிராம் கோடு விடிய விடிய காத்துக் கெடக்குமே."

திரையில் அந்த இடத்தைத் தேடிப் பார்த்தாள். நான்கு மாதம் அதை அவள் பார்க்கவில்லை. ஆறு பேரும் பார்க்கவில்லை. ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

"முப்பது விநாடி," என்றாள் கடைசியில். "அதுக்குள்ள முடிச்சாச் சரி. இல்லைன்னா வெட்டிரலாம்."

"இருபது."

"முப்பது. ஓட்டு உங்களுது, கோடு என்னுது."

"சரி, முப்பது."

ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவள் எழுதினாள். சோதனை ஓடியது. சிவப்பு, தோல்வி. அவன் ஒரு வரியைச் சுட்டினான். விரல் அவள் மணிக்கட்டில் பட்டது. இருவரும் கையை இழுத்துக்கொண்டார்கள். மறுபடி ஓடியது. பச்சை… எல்லாம் பச்சை. அவளுக்கு எழுந்து குதிக்க வேண்டும் போலிருந்தது.

நான்கு நாற்பதுக்கு அவன் எதிர்ப்பைத் திரும்பப் பெற்றான். காரணத்தைப் பதினோரு வரி எழுதினான். ஐந்துக்குள் திருத்தம் சர்வரில் சேர்ந்தது.

"பதினோரு வரி. கை வலிக்கலையா?"

"அந்த விலகல் கடிதம்?"

அவன் பார்க்க அழித்தாள். அவன் மூச்சு விட்டது கேட்டது.

"இந்த எதிர்ப்பு நெசம், ஜெஸ்லின். மத்தபடி ரெண்டு வருசமா சொன்ன குத்தமெல்லாம்…"

"எல்லாம்?"

"குத்தம் சொன்னாத்தான் நீங்க நீளமா எழுதுவீக." தரையைப் பார்த்தான். "ஆறு மணிக்குப் பெட்டியத் திறக்குறப்ப உங்க மெயில் இருந்தா… ஊரு போய்ச் சேர்ற வரைக்கும் என் வண்டி தரையில ஓடாது. பெங்களூர்ல எங்கயோ இருக்கீகன்னு நெனச்சேன்."

"ஆமத்தூர்."

அவன் நிமிர்ந்தான். "நம்ம ஆமத்தூரா?"

முகம் சூடாவதை உணர்ந்தாள். கோபப்பட வேண்டிய இடம் இது. கோபம் வரவில்லை. இரண்டு வருடமாக ஆறு மணிக்கு வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதது அவளும்தான்.

முகாம் முடிந்து மருந்துப் பையோடு அம்மா ஞானபூரணி வாசலுக்கு வந்தார். மகளைப் பார்த்தார். பக்கத்தில் வெறுங்காலோடு எழுந்து நின்றவனைப் பார்த்தார்.

"கெளம்புவமா புள்ள? யாரு இவுக?"

ஜெஸ்லின் லேப்டாப்பை மூடினாள்.

"அம்மா… ஒருத்தரத் தெனமும் உங்ககிட்டத் திட்டுவேன்ல. அவுக இவுகதான். ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும் நம்ம வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடட்டுமா?"