இரட்டைப் பதிவு

பிற்பகல் ஒன்றரை மணிக்கு, பாசோ மெர்லோ ஊரே கதவுகளைச் சாத்திக்கொண்டு உறங்குகிற வெள்ளை வெயிலில், பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தின் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த நிமியா ஓவெலாருக்கு, சதுக்கத்து மாமரத்தடியில் கிழவர் காந்தாலிசியோ அக்கோஸ்தா செய்த காரியம் ஒன்று பிடிபடவில்லை. அவர் கொம்புக் குவளையில் தெரெரே இலை மேல் குளிர்ந்த நீரை ஊற்றினார், உறிஞ்சி முடித்தார், மறுபடி நீர் ஊற்றி இடது பக்கம் நீட்டினார். இடது பக்கம் யாரும் இல்லை. நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு அது வேறு யாருடைய கையோ என்பதுபோல் அதைப் பார்த்துவிட்டு, நீரைத் தரையில் கொட்டினார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் ஊற்றி, மறுபடியும் நீட்டினார்.

பெஞ்சின் ஒரு பாதியில்தான் உட்கார்ந்திருந்தார். மறுபாதியிலும் பலகை தேய்ந்து, ஓர் ஆள் உட்காரும் அளவுக்குக் குழிந்து பளபளத்தது.

அங்கே யார் உட்காருவார் என்று நிமியா யோசித்தாள். பெயர் நாக்கு நுனி வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

அவளுக்குப் பின்னால் கணினி ஏதோ மென்றுகொண்டிருந்தது. காலை எட்டு மணியிலிருந்தே அந்தச் சத்தம். அலமாரிப் பின்புறம் எலி பழைய காகிதத்தைச் சவைப்பது போல, நிதானமாக, பசிக்காக அல்லாமல் வேலைக்காகத் தின்கிற சத்தம்.

அந்தக் கணினி மந்தமானது என்பது ஊரறிந்த செய்தி. ஒரு பிறப்புச் சான்றிதழைத் திறக்கச் சொல்லிவிட்டுப் போய்க் கோழியை அறுத்துக் குழம்பு வைத்துவிட்டு வரலாம். வந்த பிறகும் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். இதற்கு ஒரு வழி இருப்பதாகச் சொன்னவன் தெர்லிஸ். நிமியாவின் இரட்டைப் பிறவி நிதியாவின் புருஷன், ஊரில் கணினி பழுது பார்க்கிறவன். கணினியின் வயிற்றுக்குள் அது தனக்கென்று எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்பேடு ஒன்று உண்டு, அதற்குப் பெயர் ரெஜிஸ்த்ரோ, அதில் சேர்ந்த குப்பையைத் துடைக்க ஒரு மென்பொருள் இருக்கிறது என்றான். திங்களன்று அதைக் கொண்டுவந்து சோதித்துக் காட்டினான். ஆயிரத்து முந்நூற்று ஏழு பிழைகள், எல்லாம் சிவப்பில். அன்று வரை அவற்றில் ஒன்றுகூட யாருக்கும் பிழையாகத் தெரிந்ததில்லை.

அலுவலக அதிகாரி தோன் காஸ்பருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

“ரெஜிஸ்த்ரோவத் துடைக்கிற சாமானாம், நிமியா. நம்ம ஆபீசு பேரு என்ன?”

“ரெஜிஸ்த்ரோ சிவில், தோன் காஸ்பர்.”

“அப்புறம் என்ன. நமக்குன்னே செஞ்சிருக்கான்.”

நிமியா தலைநகரத்துக் கணினிப் பிரிவுக்குத் தொலைபேசியில் கேட்டாள். எடுத்தவன் கொட்டாவி விட்டபடி சொன்னான். “ஓட்டாதீங்கம்மா. அதால ஒரு நொடிகூட வேகம் கூடாது. அந்தக் குப்பை யாரையும் கடிக்கல, கெடந்துட்டுப் போகட்டும். தப்பான ஒண்ண எடுத்துட்டா, எதை எடுத்துச்சுன்னு உங்களுக்கே தெரியாது.”

தெர்லிஸ் சிரித்தான். “அவனுக்கு நம்ம ஊரு வெயிலு தெரியுமா மதினி? கம்ப்யூட்டரும் மனுசன் மாதிரிதான். வருசத்துக்கு ஒருக்கா வயித்தக் கழுவணும். எல்லாத்தையும் நான் செட் பண்ணிட்டேன். பாஸ்வேர்டு உங்ககிட்டதான இருக்கு? புதன்கிழம காலையில ஒரே ஒரு தட்டு தட்டுங்க, போதும்.”

புதன்கிழமை காலையில் தட்டினாள்.

அந்த மென்பொருளை எதிலும் குற்றம் சொல்ல முடியாது. ரெஜிஸ்த்ரோவைத் துடை என்று சொன்னார்கள். எந்த ரெஜிஸ்த்ரோ என்று யாரும் சொல்லவில்லை.

நிமியா திரை முன் வந்து உட்கார்ந்தாள். சூடேறிய தூசியின் வாடை. வரிகள் மேலேறிக்கொண்டிருந்தன. முதல் பக்கத்துக்குப் போய்ப் படித்தாள்.

*அக்கோஸ்தா, காந்தாலிசியோ. அக்கோஸ்தா, காந்திதியோ. ஒரே தாய், ஒரே தந்தை, ஒரே தேதி, ஒரே வீடு. இரட்டைப் பதிவு. ஒன்று நீக்கப்பட்டது.*

காந்திதியோ. பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். எழுத்துகள் இருந்தன, முகம் இல்லை. எழுபது வருடம் அந்தப் பெஞ்சைத் தேய்த்தவரின் பெயர், மருந்துப் புட்டியின் மேல் அச்சடித்த சொல்லைப் போல, வாயில் எந்த ருசியும் இல்லாமல் கிடந்தது.

வரிகள் குடும்பப் பெயரின் எழுத்து வரிசையில் நகர்ந்தன. இப்போது ‘எல்’. அடுத்து ‘எம்’, ‘என்’. அதற்கடுத்து ‘ஓ’. ஓவெலார். நிமியாவும் நிதியாவும் ஒரே தாய், ஒரே தந்தை, ஒரே தேதி, ஒரே வீடு.

‘நிறுத்து’ என்ற பொத்தானை அழுத்தினாள். *துடைக்கும்போது நிறுத்துவது நல்லதல்ல* என்று பணிவாக ஒரு பெட்டி வந்தது. மின்கம்பியைப் பிடுங்கினாள். மேசைக்கடியில் தெர்லிஸ் வைத்திருந்த பேட்டரிப் பெட்டி கீக் கீக் என்று கத்த, மெல்லும் சத்தம் தொடர்ந்தது. பேட்டரியிலிருந்தும் பிடுங்கினாள். இருட்டுத் திரை. அமைதி. கூரை ஓடுகள் வெயிலில் விரிந்து சடசடக்கிற ஒலி மட்டும். அந்த அமைதியில், காலியான அறையில், மெல்லும் சத்தம் இன்னும் இருப்பதை அவள் கேட்டாள்.

கம்பிகளை மறுபடி சொருகினாள். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. கணினி எழுந்து வர எப்போதும் ஆகிற நேரம் ஆனது; ஒரு நொடிகூடக் குறையவில்லை. இப்போது ‘எம்’.

‘விதிவிலக்குகள்’ என்று ஒரு மூலையில் எழுதியிருந்தது. திறந்தாள். *கைவைக்கக் கூடாதவை:* தெர்லிஸின் பெயர். அவன் அப்பா, அம்மா. அவன் பிள்ளைகள் மூவர். அவனுடைய நாய் பாந்தேரா. நாய்க்கு இந்த அலுவலகத்தில் பதிவே கிடையாது, ஆனாலும் சேர்த்திருந்தான். கடைசி வரி:

*ஓவெலார், நிதியா: வைத்துக்கொள். ஓவெலார், நிமியா: நீக்கு. தேர்வு செய்தது: ஞாயிறு, பிற்பகல் 1.40.*

ஞாயிறு ஒன்று நாற்பதுக்கு அவள் நிதியா வீட்டுச் சாப்பாட்டு மேசை முன் உட்கார்ந்திருந்தாள். நிதியா உள்ளறைக்குப் போய்விட்டு வந்து, சோளமும் பாலாடைக்கட்டியும் போட்டுச் சுட்ட ரொட்டியின் முறுகலான மூலைத் துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தாள். நாற்பத்தொரு வருடத்தில் அந்த மூலைக்காக அவர்கள் சண்டை போடாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அன்று நிதியா, “நீயே தின்னு, நிமி,” என்றாள். நிமியாவின் கண் கலங்கியது. வயது ஆகிறதல்லவா, தங்கைக்குப் பாசம் வந்துவிட்டது என்று நினைத்தாள். இரண்டு துண்டு தின்றாள்.

தொலைபேசியை எடுத்தாள்.

“நிதியா.”

மறுமுனையில் ஒரு மூச்சு. பிறகு, “தட்டிட்டியா?”

“தெரிஞ்சேதான் செஞ்சியா?”

“அது எங்ககிட்ட கேட்டுச்சுடி. இவரு வீட்டுல வச்சு ஓட்டிப் பாக்கும்போது கேட்டுச்சு. ரெண்டுல எதுன்னு. நாம சொல்லலன்னா அதுவே ஒண்ண எடுத்துக்கும்னு போட்டிருந்துச்சு.”

“ஓட்டாமலே விட்டிருக்கலாமே.”

“தோன் காஸ்பருக்குப் போன வாரமே வாக்குக் குடுத்துட்டாரே.”

நிமியா திரையைப் பார்த்தாள். ‘எம்’ முடிந்து ‘என்’ ஆகியிருந்தது.

“உன்னக் கேட்டிருந்தா நீ என்ன சொல்லியிருப்ப?” என்றாள் நிதியா. குரலில் கோபம் இருந்தது; அழுகிறவளின் கோபம். “எனக்கு மூணு பிள்ளைங்க. உனக்கு என்ன இருக்கு, ஒரு தையல் மிஷினு. நீதான சொல்லுவ, பதினோரு நிமிஷம் மூத்தவ, நான்தான் அக்கான்னு. அக்கான்னா விட்டுக் குடுக்கணும்ல.”

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். நான் தப்பிச்சுப் போயிருப்பேன். பஸ் ஏறி…”

“அதான் சொல்லல,” என்றாள் நிதியா. பிறகு, வேறு யாரிடமோ பேசுவது போல, மரியாதையாக: “நீங்க யாரு பேசறது?”

தொலைபேசி வைக்கப்பட்டது.

காகிதப் பதிவேடு இருக்கிறது என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. கணினி கணினிதான், காகிதம் காகிதம். உள்ளறையில் வௌவால் எச்சமும் கரையான் மருந்தும் மணக்கிற இருட்டில், அவர்கள் பிறந்த வருடத்தின் தடித்த ஏட்டை இழுத்து, முழங்காலில் வைத்துப் புரட்டினாள். செத்துப்போன பழைய அதிகாரியின் சாய்ந்த கையெழுத்து. நூற்றுப்பதினான்கு, ஓவெலார், நிதியா. அடுத்த வரி நூற்றுப்பதினைந்து. யாரோ ஒரு பெனீத்தெஸ், ஆண் குழந்தை.

சுரண்டிய தடம் இல்லை. கிழித்த தடம் இல்லை. மசி ஒரே பழுப்பு. எண்கள் ஒழுங்கு.

வெளியே சாவி திரும்பியது. தோன் காஸ்பர் உறக்கம் கலைந்த முகத்தோடு உள்ளே வந்தார்.

“தோன் காஸ்பர்!”

அவர் கூரையைப் பார்த்தார். “ஃபேன யாரு போட்டுட்டுப் போனது,” என்று முணுமுணுத்து அதை நிறுத்தினார். அவள் நாற்காலியை மேசைக்குள் தள்ளினார். திரையைக் குனிந்து பார்த்தார். *துடைத்து முடிந்தது. உங்கள் ரெஜிஸ்த்ரோ இப்போது சுத்தமாக இருக்கிறது.*

“நல்ல சாமான்,” என்றார். வெளியே போய்க் கதவைப் பூட்டினார்.

மெல்லும் சத்தம் நின்றிருந்தது.

நிமியா சன்னலுக்கு ஓடினாள். கண்ணாடிக்கு அப்பால், வெயிலில், நிதியா சதுக்கத்தைக் கடந்து வந்துகொண்டிருந்தாள். வேகமாக. அழுது வீங்கிய கண்கள். திரும்ப வந்துவிட்டாள். மனசு கேட்கவில்லை. வந்துவிட்டாள்.

நிதியா சன்னலுக்கு நேரே வந்து நின்றாள். மூக்கோடு மூக்காக. நடுவே கண்ணாடி மட்டும்.

“நிதியா. திற.”

நிதியா அவளைப் பார்த்தாள். பார்த்தபடியே, தான் எதற்காக இங்கே வந்தோம் என்று தெரியாத பெண்ணைப் போல நெற்றியைச் சுருக்கினாள். கன்னத்து ஈரத்தைத் தொட்டு வியந்தாள். பைக்குள் கைவிட்டுச் சீப்பை எடுத்தாள்.

நிமியாவின் கை உயர்ந்தது.

அவள் உயர்த்தவில்லை.

கையில் சீப்பு இருந்தது.

கூந்தலைக் கோதினாள் நிதியா. கோதினாள் நிமியா. கத்த வாயைத் திறக்கப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. நிதியா உதட்டை ஈரப்படுத்தி, தலையைச் சாய்த்து, கண்ணாடியில் தெரிந்த முகத்தைப் பார்த்துத் திருப்தியோடு லேசாகச் சிரித்தாள்.

நிமியாவும் சிரித்தாள்.

பிறகு நிதியா திரும்பினாள், வீட்டுக்குப் போக.

நிமியாவும் திரும்பினாள். அந்தப் பக்கம் அறை இல்லை.