பச்சைக்கல் மோதிரமும் மூன்று பீங்கான் தட்டுகளும்

கிறிஸ்பின் ஆட்டோவை ஜெராக்ஸ் கடை வாசலில் நிறுத்தியபோது மணி எட்டுகூட ஆகவில்லை. என்ஜினை அணைக்காமலே உள்ளே போனான். தொமித்திலா யாருடைய பிறப்புச் சான்றிதழையோ நகலெடுத்துக்கொண்டிருந்தாள். அறுபத்தொரு வயதுக்காரி. ஊர்ச் சபையில் மூன்று வருடம் வழக்கு விசாரிக்கும் பொறுப்பில் இருந்தவள். பொறுப்பு முடிந்து ஏழு வருடம் ஆகியும், வஹாக்கா நகரத்துப் போலீஸைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஊரார் அவள் கடைக்குத்தான் வந்தார்கள்.

"மவுராவத் திருடின்னுட்டாங்க, அக்கா."

"மொதல்ல வண்டிய அணைச்சுட்டு வா."

அணைத்துவிட்டு வந்து, உட்காராமலே சொன்னான். சொல்லச் சொல்ல அவன் குரல் ஏறிக்கொண்டே போனது. அவள் ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னக் கேள்வி கேட்டு அதை இறக்கினாள்.

அவன் மனைவி மவுரா ஒன்பது வருடமாக செனாய்தா வீட்டில் வேலை செய்கிறாள். செனாய்தா, ஊர் சுற்ற வருகிறவர்களுக்குச் சமையல் கற்றுக்கொடுப்பவள். கறுப்பு மோலே குழம்புக்கு இரண்டு நாள் வகுப்பு. முதல் நாள் மிளகாயைக் கீறி, வறுத்து, அம்மியில் அரைப்பார்கள். மறுநாள் கொதிக்கவைத்துச் சாப்பிடுவார்கள். நேற்று வந்தவர்கள் மூன்று பேர்: மோன்தெர்ரே நகரத்திலிருந்து லுக்ரேசியா என்ற பணக்கார அம்மாள், அவள் கணவர் ரொஹேலியோ, ஹாலந்துக்காரி அன்னலீஸ்.

மிளகாயில் கைவைக்கும் முன் கையில் இருப்பதையெல்லாம் கழற்றச் சொல்வது செனாய்தாவின் வழக்கம். மோதிரத்துக்கு அடியில் காரம் புகுந்தால் நாள் முழுக்க எரியும். அலமாரியில் மூன்று வெள்ளைப் பீங்கான் தட்டுகள். ஒன்றில் லுக்ரேசியாவின் பச்சைக்கல் மோதிரம், ஒன்றில் ரொஹேலியோவின் கைக்கடிகாரம், ஒன்றில் அன்னலீஸின் வெள்ளி வளையல்.

குழம்பு கறுக்க வேண்டுமென்றால் மிளகாய் விதையைக் கரியாகும்வரை தீயில் எரிக்க வேண்டும். அதை எப்போதும் முற்றத்தில்தான் செய்வாள். நேற்று மழை கொட்டியதால் விதை வறுக்கும் மண்கல்லை உள்ளே கொண்டுவந்து அடுப்படியிலேயே எரித்தாள். கிளம்பிய புகையில் எல்லோரும் இருமிக்கொண்டு தாழ்வாரத்துக்கு ஓடினார்கள். அந்த நேரம்தான் மவுரா மில்லிலிருந்து மாவு வாளியோடு வந்தாள். ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு உள்ளே போய், எரியும் கல்லை இறக்கிவைத்தாள். புகை அடங்கி எல்லோரும் திரும்பியபோது மோதிரத்தைக் காணோம்.

"மோதிரக்காரம்மா விரல நீட்டிச்சு. அதுகூடப் போகட்டும், ஊருக்குப் புதுசு. செனாய்தா என் பொண்ணுக்கு ஞானத்தாய், அக்கா. அவ மவுராவோட பையப் பிடுங்கி மேசை மேல கொட்டினா. எல்லார் முன்னாடியும். சீப்பு, பாதி தின்ன கொய்யாப்பழம், பொண்ணோட இருமல் மருந்து. பாவாடைய உதறச் சொல்லிருக்கா. அதுலயும் ஒண்ணும் இல்லன்னதும், நாளைலேருந்து வராதன்னுட்டா."

"மவுரா என்ன சொல்றா?"

"ஒண்ணும் சொல்லல. நேத்துலேருந்து ஒரு வார்த்த இல்ல. சோளத்த ஊற வெச்சா, பொண்ணுக்குத் தலை வாரினா. அழுதாக்கூடத் தேவல." அவன் வாசல் பக்கம் திரும்பினான். "அந்தம்மா போலீஸ் வர்ற வரைக்கும் அலமாரியத் தொடக்கூடாதுன்னு அடுப்படியப் பூட்டச் சொல்லிட்டுப் போயிருக்கு. நான் போய்க் கழுத்தப் பிடிச்சுக் கேக்கப்போறேன்."

"கழுத்த அப்புறம் பாத்துக்கலாம்," என்று தொமித்திலா கடையைச் சாத்தினாள். "மொதல்ல அலமாரியப் பாப்போம்."

செனாய்தா தன் வீட்டு வாசலிலேயே நின்றாள். மடிப்புக்கூடக் கலையாத புதுப் பூவேலை ஏப்ரன் கட்டியிருந்தாள். கண்கள் சிவந்திருந்தன. கிறிஸ்பினைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தாள். அவன் அவளைத் தாண்டிப் போனான். தாழ்வாரத்தில் மூன்று விருந்தாளிகளும் சாக்லேட் குடித்துக்கொண்டிருந்தார்கள். தன் மனைவியின் மானம் மேசைமேல் கொட்டிக் கிடந்த வீட்டில் இவர்களுக்குச் சாக்லேட் இறங்குகிறதே என்று நினைத்துக்கொண்டான்.

லுக்ரேசியா தொமித்திலாவை ஏற இறங்கப் பார்த்தாள். "போலீஸ் வரும்னு பாத்தா ஜெராக்ஸ் கடைக்காரம்மா வந்திருக்கீங்க."

"போலீஸ் வர ரெண்டு மணி நேரம் ஆகும்மா. அதுக்குள்ள நான் ஒரு தடவ பாத்துடறேன்."

அடுப்படியைத் திறந்ததும் எரிந்த மிளகாயின் நெடி மூக்கில் ஏறியது. கதவில்லாத மர அலமாரி. பாட்டில், உப்பு ஜாடி, தட்டுகள் எல்லாவற்றின் மேலும் மெல்லிய கறுப்புத் தூள் படிந்திருந்தது. கிறிஸ்பின் ஜன்னலுக்கு ஓடினான். கம்பிகளுக்கு நடுவே தன் கையை விட்டுக் காட்டி, வெளியிலிருந்து யாராவது எடுத்திருக்கலாம் என்றான். கொட்டுகிற மழையில் வெளியே நின்று, கண்ணுக்குத் தெரியாத புகைக்குள் கைவிட்டு, மூன்றில் ஒன்றை மட்டும் பொறுக்குவானா என்று தொமித்திலா கேட்டாள். அவன் கையை எடுத்துக்கொண்டான்.

அவள் உப்பு ஜாடியைத் தூக்கினாள். அதனடியில் மரம் வட்டமாக, சுத்தமாக இருந்தது. பிறகு தட்டுகளை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். மூன்றின் உட்புறமும் ஒரே சீராகக் கரி. இரண்டில் மட்டும் அந்தக் கரியின் மேல் எதையோ வைத்து எடுத்த கீறல். மூன்றாவது தட்டில் அதுவும் இல்லை.

"பாத்தியா?"

"பாத்தேன். கரி," என்றான் கிறிஸ்பின் எரிச்சலோடு.

தாழ்வாரத்துக்கு வந்து முதலில் அன்னலீஸிடம் வளையலைப் பற்றிக் கேட்டாள். புத்தகத்தில் படித்த மொழியில் அன்னலீஸ் நிதானமாகப் பதில் சொன்னாள். "என் வளையலைத் தட்டிலிருந்து எடுத்தேன். உடனே அணிந்துகொண்டேன். துடைக்கவில்லை. மேலே பளபளப்பாக இருந்தது. அடியில் மட்டும் சிறிது அழுக்கு."

ரொஹேலியோவும் அதையேதான் சொன்னார். கண்ணாடி சுத்தமாக இருந்ததாம். வாரின் அடிப்பக்கம்தான் கறுத்திருந்ததாம்.

"விதைய எரிக்கப்போறாங்கன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"எங்க தெரியும்? வீடே பத்திக்கிச்சுன்னு நினைச்சேன்," என்றார் அவர்.

பிறகு அன்னலீஸின் போனில் நேற்றைய படங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். ஒரு படத்தில் செனாய்தா மிளகாயை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பச்சைக் கட்டம் போட்ட ஏப்ரன், இரண்டு பெரிய பைகள். தொமித்திலா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

எல்லோரையும் அடுப்படிக்குள் வரச் சொன்னாள். செனாய்தா அடுப்போரம் நின்றுகொண்டாள். மவுராவைக் கூட்டிவர வேண்டாமா என்று கிறிஸ்பின் கேட்டான். இந்த வீட்டு வாசலை இன்னொரு தடவை மிதிக்கும்படி அவளைக் கேட்கத் தனக்கு வாயில்லை என்றாள் தொமித்திலா.

"இந்த ஜாடி புகை வந்தப்போ இங்கதான் இருந்துச்சு," என்று ஆரம்பித்தாள். "அதனால அடியில சுத்தம். அப்போ மோதிரமும் கடிகாரமும் வளையலும் தட்டுல இருந்திருந்தா, அதுக்கு அடியிலயும் சுத்தமா இருக்கணும். இல்ல. தட்டு பூராவும் கரி. புகை கிளம்பறதுக்கு முன்னாடியே மூணையும் யாரோ எடுத்துட்டாங்க."

"ரெண்டு திரும்பக் கிடைச்சுதே," என்றாள் லுக்ரேசியா.

"ஆமா. மேல கரி இல்லாம, அடியில கரியோட. அப்படின்னா புகை அடங்கினப்புறம், கரி படிஞ்ச தட்டுல கொண்டுவந்து வெச்சிருக்காங்க. அந்தக் கீறல்தான் ரெண்டு தட்டுல இருக்கு. மூணாவது தட்டுல ஒரு விரல்கூடப் படல. மோதிரம் திரும்பி வரவே இல்ல."

கிறிஸ்பினுக்கு இப்போதுதான் விளங்கியது. மவுரா வந்தது புகை கிளம்பிய பிறகு. அவள் உள்ளே நுழைந்தபோது தட்டில் எடுப்பதற்கு ஒன்றுமே இருந்திருக்கவில்லை. இந்த மூன்று பேருமே தாழ்வாரத்தில் நின்று அவள் வாளியோடு வருவதைப் பார்த்தவர்கள்தான்.

"திருடறவங்க மூணையும் எடுத்துட்டு ரெண்டைத் திருப்பி வைக்க மாட்டாங்க," தொமித்திலாவின் குரல் மாறவேயில்லை. "கரி படியக்கூடாதுன்னு நினைச்சவங்கதான் எடுத்திருக்காங்க. புகை வரப்போகுதுன்னு முன்னாடியே தெரிஞ்சவங்க. வந்தவங்க மூணு பேருக்கும் தெரியாது. மவுரா மில்லுல இருந்தா. முற்றத்துல எரிக்கிறத உள்ள எரிக்கலாம்னு முடிவு பண்ணது ஒரே ஒருத்தி. அவ நேத்து பெரிய பை வெச்ச பச்சை ஏப்ரன் கட்டியிருந்தா. அது எங்க, செனாய்தா?"

செனாய்தா மேசைக்கு அருகே வந்தாள். ரவிக்கைக்குள் கைவிட்டு ஒரு கைக்குட்டையை எடுத்து, முடிச்சை அவிழ்த்து மேசைமேல் வைத்தாள். பச்சைக்கல் வெளிச்சத்தில் மின்னியது.

"ஏப்ரன் பைக்குள்ள தையல் விட்டிருந்துச்சு," என்றாள். "மூணையும் திருப்பி வெச்சுட்டேன்னுதான் நினைச்சேன், சத்தியமா. கண்ணெல்லாம் எரிஞ்சு தண்ணியாக் கொட்டிச்சு. சாயங்காலம் ஏப்ரனத் துவைக்கறப்போதான் ஓரத்து மடிப்புக்குள்ள தட்டுப்பட்டுச்சு."

"சாயங்காலமே!" கிறிஸ்பினின் கை தானாக மேசை விளிம்பைப் பிடித்தது.

"அதுக்குள்ள எல்லார் முன்னாடியும் அவ பையக் கொட்டிட்டேனே, கிறிஸ்பின். என்னன்னு சொல்லுவேன்? என் பையிலதான் இருந்துச்சுன்னா நான்தான் திருடின்னுவாங்க. இனிமே இங்க யார் கத்துக்க வருவா?"

லுக்ரேசியா மோதிரத்தை எடுத்து ஊதி விரலில் மாட்டிக்கொண்டாள். நல்லவேளை கிடைத்துவிட்டது, யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை, இனி குழம்பைப் பார்க்கலாம் என்றாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் கிறிஸ்பினிடம் நீட்டினாள். "இந்தாப்பா, உன் வீட்டம்மாவுக்கு ஏதாவது வாங்கிக் குடு."

அவன் கையை நீட்டவில்லை. அவள் முகத்தையே பார்த்தபடி நின்றான். ஏதாவது சொன்னால் அது கைகலப்பில் முடியும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. நோட்டு வெகுநேரம் காற்றில் நின்றது. ரொஹேலியோதான் தலைகுனிந்து அதை மனைவியின் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அன்னலீஸ் தன் பையை எடுத்தாள். "எனக்குச் சாப்பாடு வேண்டாம்," என்று சொல்லிவிட்டு மறுபடி தூறத் தொடங்கியிருந்த மழையிலேயே இறங்கிப் போனாள்.

இப்போதே மவுராவின் வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்கிறேன் என்றாள் செனாய்தா.

"நாலு பேர் முன்னாடி கொட்டிட்டு, வீட்டுக்குள்ள வந்து ரகசியமா அள்ளுவியா?" என்றான் கிறிஸ்பின்.

"எப்படி வேணும்னு அவ சொல்லட்டும்," என்றாள் தொமித்திலா. "நீயும் இல்ல, நானும் இல்ல."

மவுரா தன் வீட்டு முற்றத்தில் வான்கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டே இருவரும் சொன்ன எல்லாவற்றையும் கேட்டாள். கடைசியில், காலையில் ஆறு மணிக்கு மில்லுக்கு வரச் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆறு மணிக்கு மில்லில் பதினைந்து பெண்களாவது சோள வாளிகளோடு வரிசையில் நிற்பார்கள். மவுராவின் பெயர் இரண்டு நாளாக அரைபட்ட இடமும் அதுதான். மறுநாள் கிறிஸ்பின் ஆட்டோவை எதிரில் நிறுத்திவிட்டுக் கதவோரம் நின்றான். தொமித்திலாவும் ஒரு வாளியோடு வந்திருந்தாள். செனாய்தா வெறுங்கையோடு வந்து, மவுராவின் காதருகே குனிந்து பேச ஆரம்பித்தாள். மோட்டார் இரைச்சலில் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. மவுரா அவளை விட்டு விலகி மில்காரரிடம் போனாள். அவர் விசையை இறக்கினார். பெல்ட் தளர்ந்து, தட்டித் தட்டி நின்றது.

"இப்ப சொல்லுங்க அக்கா," என்றாள் மவுரா.

செனாய்தா சுவரைப் பார்த்துச் சொன்னாள். "மோதிரம் என் பையிலதான் இருந்துச்சு. மவுரா எடுக்கல."

"பின்னால கேக்கல," என்றது வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல்.

செனாய்தா திரும்பி, எல்லோர் முகத்தையும் பார்த்து மறுபடி சொன்னாள். இந்தத் தடவை குரல் உடைந்தது. "அன்னிக்குச் சாயங்காலமே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயத் தொறக்கல."

எல்லோரும் மவுராவைப் பார்த்தார்கள். கட்டிக்கொள்வாள் என்று சிலர் எதிர்பார்த்தார்கள் போலிருக்கிறது. ஒருத்தி அவள் வாளியைப் பிடித்துக்கொள்ளக்கூடக் கை நீட்டினாள். மவுரா மில்காரருக்குத் தலையசைத்தாள். மோட்டார் ஓடத் தொடங்கியது. அவளுடைய முறை. சோளத்தைக் கொட்டினாள். செனாய்தா வெளியே போனாள்.

மாவு வாளியை ஆட்டோவில் ஏற்றிப் பின்னால் உட்கார்ந்ததும் மவுரா பேச ஆரம்பித்தாள். முதலில் செனாய்தாவை வைதாள். ஒன்பது வருடத்தில் அவளுக்காக ஊதிய அடுப்பு, எரிந்த கண், அவள் வகுப்பில் தன் பெயரை ஒரு நாளும் சொல்லாதது எல்லாம் வந்தது. பிறகு மோதிரக்காரியை. பிறகு நேற்று மில்லில் தன்னைக் கண்டதும் பர்சை இறுக்கிப் பிடித்த பக்கத்து வீட்டுக்காரியை. "நீயும்தான், போய் அவ வீட்ட ரெண்டா உடைக்காம ஜெராக்ஸ் கடைக்கு ஓடற," என்று அவனையும் விடவில்லை. குரல் தெருவெல்லாம் கேட்டது. வீட்டுக்குத் திரும்ப வேண்டிய முனை வந்தது. கிறிஸ்பின் திரும்பவில்லை. கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிப் போகும் நீளமான பாதையில் வண்டியை மெதுவாக விட்டான்.