அறுபத்தொன்றாவது போன்

பத்து ஐந்துக்கு அந்த அலறல் கேட்டது!

மத்திகிரி ரோட்டில் இருந்த அந்தத் தனியார் கல்லூரியின் ரெக்கார்டிங் ரூம். பச்சைத் திரைக்கு முன்னால் ஹரீஷ்குமார் குப்புறக் கிடந்தான். பாடப்புத்தகத்தை ஒழித்துவிட்டு மொத்தப் பாடத்தையும் ஆப்பில் ஏற்ற வந்தவன். மண்டையில் ரத்தம்... பக்கத்தில் கிடந்த கேமரா ஸ்டாண்டிலும் ரத்தம்!

அலறியவர் அக்பர் பாஷா. கல்லூரி வாசலில் புத்தகக் கடை வைத்திருப்பவர்.

பத்தரைக்கு அவரைப் போலீஸ் பிடித்து நிறுத்தியிருந்தது.

அவர் மகள் ஆஃப்ஷீன் அதே கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு. வராண்டாவில் நின்று பார்த்தாள். அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் மரத்துப் போகுமே... அப்படி, உடம்பு முழுக்க.

"புக் லிஸ்ட்ல நாலு புஸ்தகமாவது வுட்டு வைங்கன்னு கேக்கத்தான் போனேன் மேடம். கதவத் தொறந்தா இப்பிடிக் கெடக்கறாரு!" என்றார் அக்பர் பாஷா.

"போன வாரம் 'உன் ஆப்ப கொளுத்திருவேன்'னு கத்துனது யாரு பாய்?" என்றார் இன்ஸ்பெக்டர் ரஞ்சிதா.

"ஆப்ப எப்பிடி மேடம் கொளுத்தறது? கோவத்துல வந்துருச்சு."

காமர்ஸ் லெக்சரர் சென்னகிருஷ்ணன் முன்னால் வந்தார்.

"மேடம், ஒம்பதுலருந்து பத்து வரைக்கும் மொத்த கிளாஸும் ஆப்லதான் இருந்துச்சு. பத்து நிமிசத்துக்கு ஒருக்கா 'இருக்கீங்களா'ன்னு கேக்கும், அமுக்கணும். பசங்க அறுவது, நான் ஒண்ணு. அறுவத்தொரு பேரும் அமுக்கிருக்கோம். ஆப்போட லாக்ல பதிவாயிருக்கு, பாருங்க. வெளியாளு இவர் ஒருத்தர்தான்."

விலங்கு வெளியே வந்து அக்பர் பாஷாவின் கையில் ஏறியது.

வாயைத் திறந்தால் ஆஃப்ஷீனுக்கு டிஸ்மிஸ். மூடியிருந்தால் அத்தாவுக்கு ஆயுள்.

"மேடம்..." அவள் குரல் அவளுக்கே யாரோ பேசுவது போலக் கேட்டது. "அந்த லாக் பொய்."

"என்ன பாப்பா சொல்ற?"

"பசங்க யாரும் அமுக்கல. நான்தான் அமுக்குனேன்."

"அறுவதையுமா?!"

"பாதிப் பேரு மூக்கண்டப்பள்ளில கம்பெனி ஷிப்டு. உள்ள போன் வுட மாட்டாங்க. மீதிப் பேரு தூங்குவாங்க. லேப் பெஞ்சுல போன வச்சிட்டுப் போயிருவாங்க. நான் வரிசையா அமுக்கிட்டே வருவேன். ஆளுக்கு வாரம் ஒரு வெஜ் பப்ஸ்."

ரஞ்சிதா நெற்றியைத் தேய்த்தார். "அப்ப சந்தேகப்பட ஒரு ஆளு போயி எனக்கு அறுவது ஆளா?"

"இல்ல மேடம். ஒரே ஆளுதான். டெய்லி பெஞ்சுல அறுவத்தொரு போன் இருக்கும். சாரும் குடுத்துட்டுத்தான் டீ குடிக்கப் போவாரு. இன்னிக்கு மட்டும் குடுக்கல."

வராண்டாவே சென்னகிருஷ்ணனைப் பார்த்தது.

"அது... பாடத்துல ஒரு ஆர்வம்!" என்றார்.

ரஞ்சிதா லாக்கைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அந்தக் கல்லூரியில் ரூமுக்கு ஒரு வைஃபை. அறுபது பெயர்களுக்கு நேராக 'லேப்'. ஒரே ஒரு பெயருக்கு நேராக, ஒன்பது நாற்பதுக்கு...

'ரெக்கார்டிங் ரூம்'!

"கொன்னுட்டு அங்கயே நின்னு பட்டன் அமுக்குனீங்களா சார்?"

"அட்டெண்டன்ஸ் போயிருமே மேடம்..."

சொன்ன பிறகுதான் சொன்னது புரிந்தது அவருக்கு. சுவரில் சாய்ந்தார்.

"நாப்பது பாடம் பேச வச்சு ரெக்கார்டு பண்ணான். நேத்து முடிஞ்சுது. இனிமே நீங்க தேவையில்லயாம். அத நேர்ல கூட சொல்லல மேடம்... நோட்டிஃபிகேஷன்ல வந்துச்சு!"

விலங்கு கை மாறியது.

அக்பர் பாஷா மணிக்கட்டைத் தடவிக்கொண்டே மகளைப் பார்த்தார். "ஏம்மா, அத்தன பப்ஸையும் நீயேவா தின்ன?"

ஆஃப்ஷீனின் போன் அதிர்ந்தது. டிஸ்மிஸ். பிரின்சிபாலும் நேரில் வரவில்லை.

படித்தாள். ஒன்றும் தோன்றவில்லை. அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது சரி," என்றார் ரஞ்சிதா, "நாளைக்கு அந்த கிளாஸுக்கு யாரு பாடம் எடுப்பா?"

ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்த முதுகை ஆஃப்ஷீன் காட்டினாள்.

"இவரேதான் மேடம். நீங்க உள்ள வச்சாலும் ஒம்பது மணிக்கு டான்னு ஆப்ல வந்துருவாரு!"