இருபது கிராம் மெழுகு

மாலை 5.20. மெழுகுவத்தித் தொழிற்சாலையில் மெழுகு வார்க்கும் அச்சுக்கூடத்தில் தம்பி குப்புறக் கிடந்ததை முதலில் பார்த்தவள் அக்காதான். பின்மண்டையில் பலத்த அடி. பக்கத்தில் ரத்தம் தோய்ந்த இரும்பு அச்சு.

பதினோரு வருடமாக அங்கே மெழுகுவத்திகளை எடைபோடுகிறவள் அவள். யார் வேலை என்று அந்த நொடியே புரிந்துவிட்டது. போன மாதம் மேற்பார்வையாளன் அவளைக் கூசாமல் ஒரு வார்த்தை சொன்னான். தம்பி எல்லார் முன்னிலையிலும் அவன் கன்னத்தில் ஒன்று வைத்தான். "உன்னை என்ன பண்றேன் பாரு" என்று போனவன் அவன்.

6.40. டாக்டர் பார்த்துவிட்டார், உயிர் போனது மூன்றிலிருந்து நான்குக்குள். இன்ஸ்பெக்டர் மேற்பார்வையாளனைக் கூப்பிட்டார்.

"ரெண்டுல இருந்து அஞ்சு வரை கரண்ட் இல்ல. எங்க இருந்தீங்க?"

"கீழ்க் கிடங்குல சார். சரக்கு சரிபார்த்தேன்."

"அங்க ஜன்னலே இல்லையே?"

"மெழுகுவத்தி ஏத்தினேன் சார். இங்க அதுக்கா பஞ்சம்?" சிரிக்க வேறு செய்தான், பாவி.

"எத்தனை?"

"ஒண்ணே ஒண்ணு. புதுசு. மூணு மணி நேரம் எரியும். கரண்ட் வந்தப்பதான் அணைஞ்சுது. தட்டைப் பாருங்க."

தட்டில் மெழுகு பரவி உறைந்திருந்தது. நடுவில் கருகிய திரித்துண்டு. இன்ஸ்பெக்டர் நோட்டை மூடப் போனார்.

"அந்தத் தட்டைக் கொஞ்சம் குடுங்க சார்" என்றாள் அக்கா.

வாங்கியதுமே அதன் கனம் அவள் கைக்கு உறுத்தியது. மெழுகை ஒரு துளி விடாமல் வழித்துத் தராசில் வைத்தாள். இருபது கிராம் கல்லுக்கு முள் நேராக நின்றது.

"ஒரு மெழுகுவத்தி என்ன எடை?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இருபது சார்."

"அப்ப சரியாத்தானே இருக்கு?"

"சரியா இருக்கக் கூடாது சார். உருகினா உருவம்தான் மாறும், மெழுகு மெழுகாவே இருக்கும். எரிஞ்சா அது வேற பொருளாகி காத்தோட போயிடும், திரும்ப வராது. மூணு மணி நேரம் எரிஞ்சிருந்தா விரல்ல வழிக்கற அளவுகூட மிஞ்சாது. இது எரியவே இல்ல. மெழுகு காய்ச்சற விறகுக் கொப்பரைச் சூட்டுல உருக்கி ஊத்தி, கருக்கின திரியை நட்டு வச்சிருக்கான். அந்தக் கொப்பரை அச்சுக்கூடத்துல இருக்கு. அது பக்கத்துலதான் என் தம்பி கிடந்தான்."

மேற்பார்வையாளன் முகம் வெளுத்தது. "இல்ல சார்... ரெண்டு மூணு ஏத்தியிருப்பேன்..."

"ஒண்ணே ஒண்ணுன்னு நீதானேடா சொன்ன?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவன் உடைந்தான். "எல்லார் முன்னாடியும் அறைஞ்சான் சார்! எப்படிப் பொறுத்துக்குவேன்?"

அவள் கையில் ஒரு கிலோ எடைக்கல் இருந்தது. அவன் தலைக்கும் அதற்கும் இரண்டடி தூரம். அடிக்க வேண்டும் என்று உடம்பெல்லாம் பதறியது. சட்டென்று முடிந்துபோவது அவனுக்கு லாபம் என்று தோன்றியதும், கல்லைக் கீழே வைத்தாள்.

ஒன்றரை வருடம் ஒரு வாய்தா விடாமல் கோர்ட்டுக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். ஆயுள் தண்டனை. வழக்கு முடிந்ததும் அந்த மெழுகை மனுப் போட்டு வாங்கினாள்.

வீட்டில் அதை உருக்கி, அச்சில் ஊற்றி, புதுத் திரி போட்டாள். மதியம் இரண்டு மணிக்கு ஏற்றினாள். எழுந்திருக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து மணிக்குத் தட்டை எடைபோட்டாள். தட்டின் எடை மட்டும்தான் இருந்தது.